கன்றின் புழுவுக்கு மருந்து எது?

வேப்பங்கொழுந்தை உப்புடன் அரைத்து, உருண்டையாக்கிக் கன்றுக்கு ஊட்டுவது நம் இல்லங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். கடைமருந்தை அறவே ஒதுக்கி, இதனை மட்டும் நம்பலாமா என்று அன்பர் சிலர் நம்மை வினவுகின்றனர். மருந்து பாலிற் கலந்துவிடுமே என்பது அவர்தம் கவலை.

அக்கவலை வீணானதன்று. ஐவர்மெக்டின் ஏற்றிய பசுவின் பாலில் அம்மருந்து பல நாள் வெளிப்படும். ஆதலால் மக்களுக்குப் பால் தரும் பசுவுக்கு அது ஆகாது. ஒரே மருந்தை ஓயாது கொடுப்பின், அதற்குச் சாகாத புழுக்களே எஞ்சிப் பெருகும்.

மூலிகைகளின் நிலை என்ன? துவர்ப்புச் சத்து மிகுந்த சில தழைகளைத் தின்ற ஆடுகளிற் புழுக்கள் இடும் முட்டை குறைந்ததை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பப்பாசிப் பாலுக்குப் புழுவின் தோலைக் கரைக்கும் ஆற்றல் உண்டு. ஆயினும், இலைக்கு இலை சத்து வேறுபடுதலால், அளவைத் திட்டமாகச் சொல்லுதல் அரிது. பாக்கிலுள்ள அரிக்கோலின் முன்னாளில் நாய்களின் நாடாப்புழுவுக்கு மருந்தாயிற்று. அளவு மீறினால் அதுவே நஞ்சு. இயற்கைப் பொருள் என்பதனாலேயே தீங்கற்றது என எண்ணலாகாது.

வளர்ந்த பசு பெரும்பாலும் புழுவைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகின்றது. சாணத்தைச் சோதிப்பித்து, தேவை கண்ட பின்னரே அதற்கு மருந்து கொடுத்தால் போதும். கன்றின் நிலை அவ்வாறன்று. டொக்சோகாரா என்னும் உருண்டைப் புழுவின் குஞ்சுகள் தாயின் பால் வழியாகவே கன்றின் குடலை அடைகின்றன. சில வாரங்களில் அவை ஒரு சாணுக்கு மேல் நீண்டு வளரும். கன்றின் வயிறு உப்பும், நாற்றமுடைய வெளிறிய கழிச்சல் காணும், உடல் மெலியும். எருமைக் கன்றுகளே இதனால் மிகுதியும் மடிகின்றன. வேப்பிலையை ஊட்டிவிட்டு இரண்டு வாரம் காத்திருப்போர், மூன்றாம் வாரத்திற் கன்றை இழக்கவும் கூடும்.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கன்று நமக்குப் பால் தருவதில்லை. தாய்க்கு மருந்தைத் தவிர்க்க நாம் சொல்லும் காரணம் கன்றுக்குப் பொருந்துமா? பிறந்த பத்தாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையில், கன்றின் எடைக்கேற்ற மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுப்பதே தக்கது. அப்பருவத்திற் கொடுத்தால், புழு முதிர்ந்து முட்டையிடுமுன் அழியும். கொட்டிலின் மண்ணும் கெடாது.

மற்றையவை நம் கையிலுள்ளன. சாணத்தை நாள்தோறும் அகற்றுக. கன்று நிற்கும் இடத்தை உலர்வாக வைத்திடுக. தீவனத்தைத் தரையில் இடாது தொட்டியில் இடுக. பாட்டியார் காட்டிய வேப்பங்கொழுந்தை நாம் இகழவில்லை. அதனை நம்பி நாளைக் கடத்தவேண்டா என்பதே நம் வேண்டுகோள்.