ஓர் இடைவெளியில் திறந்துகொள்ளும் மடை

யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்றொரு சின்னஞ்சிறு கோப்பு உண்டு. சர்வரில் இருக்கும் எந்த ஃபோல்டரை வலையில் உள்ள எந்தக் கணினிக்குத் தருவது, படிக்க மட்டுமா, எழுதவுமா என்பதை அதில் வரிவரியாக எழுதிவைப்பார்கள். லினக்ஸில் கணினியின் பெயர், அதை ஒட்டினாற்போல் அடைப்புக்குறிக்குள் அதற்கான உரிமை. பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே கை தவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். பெயர் குறித்த கணினிக்குப் படிக்கும் உரிமை மட்டும் மிஞ்சும். பெயர் குறிக்காத மற்ற எல்லாக் கணினிகளுக்கும் எழுதும் உரிமை போய்ச் சேரும். மிஞ்சினால் ஓர் எச்சரிக்கை வரி திரையில் ஓடும். சர்வரோ எழுதியதை எழுதியபடியே நிறைவேற்றிவிடும். கையேடுகளே சுட்டிக்காட்டுகிற பழைய கண்ணி இது. இந்தக் கோப்பை எழுதுவது யார், சரிபார்ப்பது யார் என்று அலுவலகங்களில் கேட்டால், 'கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி' என்ற பதில்தான் வரும். எழுதுவது தம்பியாக இருக்கட்டும். முடிவும் அவருடையதாக இருக்கிறதே, அதுதான் தவறு.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது; எதில் எத்தனை கன அடி விடப்பட்டது என்பது பாசனக் காலத்தில் தினமும் செய்தியாகிறது. ஷட்டரைத் திருப்புகிறவர் லஸ்கர். எவ்வளவு திருப்புவது என்பது அவர் முடிவல்ல. அதற்கு மேலே பொறியாளர், அதற்கும் மேலே முறைப்பாசன அட்டவணை, அதற்கும் மேலே 1924 ஒப்பந்தத்திலிருந்து 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை நீளும் எழுத்துகள். கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்ற ஒற்றை எண்ணை எட்டப் பல பத்தாண்டுகள் வழக்காடியிருக்கிறோம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் லஸ்கரை மட்டும் யாரும் குற்றம் சொல்வதில்லை. உத்தரவு போட்டவரைத் தேடிப் போகிறோம். தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், கோப்பு விஷயத்தில் லஸ்கரிடமே மேட்டூர்ச் சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இந்த ஊர்களில் பொதுக்கோப்புகள் சாதாரணமானவை அல்ல. தஞ்சாவூர்ச் சரசுவதி மகால் நூலகம் 1918-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே இருக்கின்றன. இப்படியொரு தொகுப்பைப் படமெடுத்துச் சர்வரில் ஏற்றும்போது மூன்று விதமான ஆட்கள் அதைத் தொடுவார்கள். படமெடுப்பவருக்குப் புதிய படத்தைச் சேர்க்கும் உரிமை வேண்டும். பழையதை அழிக்கும் உரிமை எதற்கு? அட்டவணை தயாரிப்பவருக்கு விவரக்குறிப்புகளைத் திருத்தும் உரிமை வேண்டும். மூலப்படத்தை அவர் பார்த்தால் போதும். ஆய்வாளருக்குப் படிப்பதற்கு மட்டும். மூவருக்கும் ஒரே ஃபோல்டரை எழுதும் உரிமையோடு திறந்துவிட்டால், ஒருநாள் யாரோ ஓர் ஏட்டின் படத்தைச் சுருக்கி அதே பெயரில் சேமித்துவிடுவார். காப்புப் பிரதியும் இல்லையென்றால் மறுபடி படமெடுக்க வேண்டும். அதற்குள் ஓரம் உதிர்ந்துபோயிருக்கலாம். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922-இலிருந்து நடக்கிறது. ஒரு ரகத்தை வெளியிடப் பல பருவங்களின் விளைச்சல் கணக்கு வேண்டும்; அந்தக் கணக்கில் ஓர் எண்ணை யார், எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் கணக்கே பயனற்றது. கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பட்டியலுக்கும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் சிட்டா, அடங்கல் நகல்களுக்கும் இதேதான். எந்தப் பதிவை யார் திருத்தலாம் என்று தீர்மானிக்க லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுவடியும் நெல்லும் கடனும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் நூலகரும் ஆராய்ச்சியாளரும் செயலாளரும்தான்.

'எங்கள் வலை காம்பவுண்டுக்குள் இருக்கிறது, வெளியாள் வரமுடியாது' என்பது வழக்கமான பதில். இந்தத் தொழில்நுட்பம் பிறந்த சூழலின் நம்பிக்கையும் அதுவே. என்.எஃப்.எஸ். என்கிற வலைக்கோப்பு முறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியபோது, வலையில் இருந்தவை பெரும்பாலும் ஒரே நிர்வாகத்தின் கீழிருந்த கணினிகள். அதனால் கோப்பைக் கேட்கும் கணினி 'என் பயனர் எண் 1004' என்று சொன்னால் சர்வர் அப்படியே நம்பிவிடும், கடவுச்சொல் கேட்காது. இன்றும் பழைய வழியில் அமைத்தால் அதுதான் நடக்கும். சொந்த மடிக்கணினியில் முழு அதிகாரம் வைத்திருக்கும் ஒருவர், அனுமதித்த முகவரி வரம்புக்குள் அதைச் செருகி, 1004 என்ற எண்ணில் ஒரு பயனரை உருவாக்கிக்கொண்டால், சர்வரின் கண்ணுக்கு அவர்தான் 1004-க்கு உரியவர். 'ரூட்' என்ற தலைமைப் பயனராக வேஷம் போட்டு வருபவரை மட்டும் 'யாருமில்லாதவர்' என்று இறக்கிவிடும் காப்பு லினக்ஸில் இயல்பாகவே உண்டு. ஏதோ ஒரு மென்பொருள் ஓட மறுக்கிறது என்று அவசரத்தில் அதையும் எடுத்துவிடுவார்கள். அப்புறம் திரும்பப் போடுவதில்லை. ஆளை உண்மையாகவே சரிபார்க்க வேண்டுமானால் நான்காம் பதிப்பில் 'கெர்பரோஸ்' என்ற வழியைச் சேர்க்க வேண்டும். அதற்குக் கூடுதல் உழைப்பும் நேரமும் செலவாகும். அந்தச் செலவு தேவையா, ஃபோல்டரில் இருப்பது அவ்வளவு பெறுமதியானதா என்பதும் நிர்வாகக் கேள்விதான்.

விண்டோஸ் கணினிகளுக்கு யூனிக்ஸ் சர்வரிலிருந்து கோப்பு கொடுக்க 'சாம்பா' என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. 2017 மே மாதம் இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி. அந்த மாதம் விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' 150 நாடுகளுக்கு மேல் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை முடக்கியது. சில நாள்களில் சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. 2010-இல் வந்த பதிப்பிலிருந்தே அது இருந்திருக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்றாலே பத்திரம் என்று மார்தட்டுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அந்தத் தாக்குதல் நடக்க ஒரு நிபந்தனை இருந்தது: தாக்குபவருக்கு எழுதும் உரிமையுள்ள ஒரு பகிர்வு ஃபோல்டர் வேண்டும். படிக்க மட்டும் என்று வைத்திருந்த இடத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும் நிபுணர்களின் வேலை. எத்தனை ஃபோல்டர்களில் எழுதும் உரிமை கொடுத்தோம் என்பது அலுவலகத்தின் கையில் இருந்தது.

'அதிகாரிக்கு இதெல்லாம் புரியாது' என்கிறார்கள். பட்டாவில் யார் பெயர் சேர்ப்பது, கருவூலப் பட்டியலில் யார் கையெழுத்து என்றெல்லாம் புரிகிறவருக்கு, 'இந்த ஃபோல்டர், இந்த ஆட்கள், படிக்க மட்டும்' என்ற வரி புரியாமல் போகாது. ஆங்கில எழுத்துகள் மிரட்டுகின்றன, அவ்வளவுதான். தமிழில் ஒரு பக்க அட்டவணையாகக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டால் தம்பி அதைக் கணினி மொழியில் எழுதிக்கொள்வார்.

'சர்வர் எதற்கு, கிளவுடில் வைத்துவிடலாமே' என்பதில் நியாயம் இருக்கிறது. ஓர் ஊர்ச் சங்கத்துக்கு அறையும் மின்சாரமும் ஆளும் வைத்துச் சர்வர் ஓட்டுவது கட்டாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபின் டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஒரு பிரதி வெளியூரில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் கிளவுடிலும் 'இணைப்பு கையில் உள்ள எவரும் திருத்தலாம்' என்றொரு தேர்வு இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அந்த இணைப்பு போனதும், எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் விழுந்த அதே இடைவெளிதான். இடம் மாறியதே தவிர, யாருக்குத் திறப்பது என்ற கேள்வி அங்கேயும் கூடவே வந்துவிடுகிறது.

இருப்பதிலேயே கனமான எதிர்ப்பு, வேலை தாமதமாகும் என்பது. அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டைகள் நனையும்போது, 'உங்களுக்கு எழுதும் உரிமை இல்லை' என்று திரை சொன்னால் யாருக்கும் கோபம் வரும். எல்லாருக்கும் திறந்துவிடும் பழக்கம் சோம்பலால் மட்டும் வந்ததில்லை, இந்த அவசரத்தாலும்தான். அதற்கு விடை, அவசரத்துக்கு யார் அனுமதிக்கலாம், எத்தனை நாளைக்கு என்பதையும் முன்கூட்டியே எழுதிவைப்பது. முறைப்பாசனத்தில்கூடப் பயிர் கருகும்போது முறையை மாற்றிக் கூடுதல் நாள் விடுவதுண்டு, மதகையே பெயர்த்துவிடுவதில்லை.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார், அழித்தார் என்று குறித்துவைக்கும் வசதி சாம்பாவிலேயே இருக்கிறது. நிறுவினால் மட்டும் போதாது, தனியே இயக்க வேண்டும். எக்ஸ்போர்ட்ஸ் கோப்பிலும் பலர் பயன்படுத்தாத ஒரு வசதி உண்டு. '#' என்ற எண்குறி போட்டுத் தொடங்கும் வரியைச் சர்வர் படிக்காது. மனிதர்களுக்கான குறிப்பு அது. ஒவ்வொரு உரிமைக்கும் மேலே அப்படி ஒரு வரி எழுதலாம்: எந்த உத்தரவு, என்ன தேதி, யார் கையெழுத்து, எந்த நாளில் மறுபடி பார்ப்பது. தம்பி மாற்றலாகிப் போனபின் அந்த நாற்காலிக்கு வருகிறவர் முதலில் திறந்து பார்க்கப்போவது இந்தக் கோப்பைத்தான்.