பதினைந்து வயதுக்காரர்களிடம் பிளானைக் காட்டுங்கள்

ஊராட்சிக்கு ஒரு கட்டடம் வருகிறது என்றால் அதைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு இருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆவது பிரிவின்படி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபை. ஊரில் இளைஞர் மையம் கட்டினால் மாலைதோறும் அதில் வந்து உட்காரப்போகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிக்கிற பிள்ளைகள். அவர்களில் ஒருவராலும் அந்தச் சபையில் கை தூக்க முடியாது. நான் கட்டடக் கலைஞர். தென்காசி மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு வகுப்பறைகளும் சமுதாயக் கூடங்களும் வரைந்து கொடுப்பது என் தொழில். பதின்வயதுப் பிள்ளைகள் பார்த்துத் திருத்தாத இளைஞர் மைய வரைபடத்தை எந்த ஊராட்சியும் ஏற்கக் கூடாது என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒன்றில், பென்சில் கோடாக இருந்த வரைபடத்தைப் பள்ளி வராந்தாவில் விரித்து வைத்தேன். முதல் கேள்வி நூலகம் எங்கே, கேரம் போர்டு எங்கே என்று வரவில்லை. “ஏன்க்கா, சாவி யாருட்ட இருக்கும்?” என்றான் ஒரு பையன். கட்டடம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதை முடிவு செய்கிற கேள்வி அது. திறந்த நாளோடு பூட்டிய நூலகங்களையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் பார்த்தே வளர்ந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். உலகில் மனிதரால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. சிமெண்டும் கம்பியும் கொட்டிக் கட்டிவிட்டுப் பூட்டி வைத்தால், கூரையில் எத்தனை சோலார் தகடு பதித்தாலும் அதைப் பசுமைக் கட்டடம் என்று சொல்ல முடியாது. பேசிப் பேசி, இரண்டு சாவி என்று முடிவானது. ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும். இன்னொன்று மாதந்தோறும் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் இருவரிடம், ஒரு பெண் ஒரு ஆண், கையெழுத்துப் புத்தகத்தோடு இருக்கும்.

அடுத்து காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று எங்கள் பக்கத்தில் பெயர் பெற்றது. வெளியூர்ப் பொறியாளர் யாராக இருந்தாலும் மேற்கே துளை விட்ட ஜாலிச் சுவர் வைத்தால் காசில்லாத குளுமை என்றுதான் நினைப்பார். குற்றாலத்தில் அந்தக் காற்று சாரலோடு வரும். கிழக்கே வரவரப் புழுதியோடு வரும். ஜாலி வைத்தால் நோட்டுப் புத்தகம் மேசையில் நிற்காது என்று பிள்ளைகள் சொன்னார்கள். பள்ளியின் மேற்கு வகுப்பறைகளில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இதைச் சொல்ல மீட்டர் தேவையில்லை. மேற்குச் சுவரை மூடி, உயரத்தில் வெண்டிலேட்டர் விட்டு, வெளியே புங்கையும் வேம்பும் வரிசையாக வைப்பதென்று மாற்றினோம். திண்ணை கிழக்குக்குப் போனது. மாலையில் நிழல் விழுவது அங்கேதான்.

பெண் பிள்ளைகள் அன்று அதிகம் பேசவில்லை. பையன்களை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்தபோதுதான் பேசினார்கள். இப்படித் தனியாகக் கேட்பதை யாரும் தவறவிடக் கூடாது. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுக்குப் பீடிக்கட்டு கட்டிக் கொடுத்துவிட்டு, ஏழு மணிக்கு மேல்தான் அவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. ஆறரைக்கு மூடுகிற மையம் அவர்களுக்கு இல்லாத மையம். வாசல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து இருக்க வேண்டும், வழியில் இரண்டு தெருவிளக்கு வேண்டும், கழிப்பறைக்குப் போக கேரம் ஆடுகிறவர்களைத் தாண்டக் கூடாது, உள்ளே நாப்கின் போடத் தொட்டி வேண்டும் என்றார்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஆனால் பிளான் கையெழுத்தாகி அஸ்திவாரம் எழும்பிய பிறகு கதவை இடம் மாற்ற முடியாது.

இடம் எது என்பதைப் பேசும்போது வராந்தா கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எங்கள் மாவட்டங்களில் ஒரு கட்டடம் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதே அது யாருக்கு என்பதைச் சொல்லிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழு, மாணவரிடையே சாதி மோதலைத் தடுப்பது பற்றி 2024-இல் அறிக்கை கொடுத்தது. பள்ளி முடிந்து பிள்ளைகள் சேர்ந்து இருக்க ஒரு பொது இடம் வேண்டும் என்பதை இந்த ஊர்களில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊராட்சி காட்டிய மனை ஒரு கோயிலை ஒட்டி இருந்தது. பிள்ளைகள் காரணம் சொல்லவில்லை. “ஸ்கூலுக்கும் டேங்குக்கும் நடுவுல உள்ள புறம்போக்கே நல்லாருக்கும்” என்றாள் ஒருத்தி, எல்லாரும் தலையாட்டினார்கள். எந்தத் தெருப் பிள்ளையும் அடுத்த தெருவைக் கடக்காமல் வரக்கூடிய மனை அந்த ஊரில் அது ஒன்றுதான்.

பிள்ளைகளிடம் கேட்டால் ஏசியும் ஜிம்மும் வைஃபையும் கேட்பார்கள், முடிகிற காரியமா என்பார்கள் பெரியவர்கள். கேட்கத்தான் செய்தார்கள். எஸ்டிமேட்டை அப்படியே அவர்கள் கையில் கொடுத்தேன். 120 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 12,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 9,600 லிட்டர் தேறும். பத்தாம் வகுப்புக் கணக்குதான். அதைப் போட்டு முடித்ததும் ஏசியை விட்டுவிட்டு மழைநீர்த் தொட்டியைப் பெரிதாக்கினார்கள். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைப் படம் போட்டுக் காட்டினேன். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி நடுவில் பொந்து விடுகிற முறை அது. செங்கல் கால்வாசி மிச்சம், வெயிலும் சுவரைத் தாண்டி எளிதில் உள்ளே இறங்காது. கொத்தனார் மகன் ஒருவன் உடனே கேட்டது, கரண்ட் பைப்பை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று. அந்தப் பொந்துகளுக்குள்ளேதான் கொண்டுபோக வேண்டும், அதைச் சுவர் எழும்பும்போதே செய்தாக வேண்டும். வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்வி.

உலகத்துக்கு இது புதிதல்ல. நகரத் திட்டமிடலில் பெரிய பெயரான கெவின் லிஞ்ச் 1970-களிலேயே யுனெஸ்கோவுக்காக அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து பிள்ளைகளிடம் அவர்கள் வாழும் இடத்தைப் பற்றிக் கேட்டார். 1990-களில் அதே முயற்சி மீண்டும் தொடங்கியபோது பெங்களூரும் அதில் சேர்ந்தது. இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, பிள்ளைகளைப் பாதிக்கும் எதிலும் அவர்கள் கருத்தைச் சொல்லலாம், அதற்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. அதே 1992-இல் ரோஜர் ஹார்ட் யுனிசெஃப்புக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து, கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார். பூங்கொத்தோடு மேடையில் நிறுத்துவது, எழுதிக் கொடுத்ததைப் படிக்கச் சொல்வது, பெயருக்குக் கருத்துக் கேட்பது எல்லாம் அந்த மூன்றில் அடங்கும். நம் அடிக்கல் நாட்டு விழாக்களில் பிள்ளைகள் நிற்கிற இடம் அதுதான். இது எனக்கு வேதனை தருகிறது.

கர்நாடகத்தில் ஊராட்சிகள் குழந்தைகளுக்கெனத் தனிக் கிராம சபை கூட்டுகின்றன. கேரளத்தில் குடும்பஸ்ரீ வழியாகப் பாலசபைகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. இளைஞர் மையம், நூலகம், விளையாட்டுத் திடல் ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது, டெண்டருக்கு ஒரு மாதம் முன்பே வரைபடமும் எஸ்டிமேட்டும் ஊர்ப் பள்ளிச் சுவரில் தொங்கட்டும். பெண் பிள்ளைகளைத் தனியாகவும் கேளுங்கள். சொன்னவற்றில் எதை ஏற்றோம், எதை ஏன் விட்டோம் என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். சார்ட் பேப்பர், ஜெராக்ஸ், டீ, வடை தவிர இதற்குச் செலவில்லை. காலாண்டு விடுமுறையை ஒட்டியே அக்டோபர் 2 கிராம சபையும் வருகிறது. இளைஞர் மையம் கேட்டிருக்கும் ஊராட்சிகள் இந்த ஆண்டு அன்றைக்கே தொடங்கலாம்.