அசன அடுப்புக்கு விறகு தள்ள ஒரு ஆள்

எங்க ஊர் கோயில் அசனத்துக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் கோயிலுக்குப் பின்னால வேப்ப மரத்தடியில கூட்டம் போட்டோம். அரிசி எத்தனை மூட்டை, காய்கறிக்கு யார் பொறுப்பு, பந்திக்கு இலை யார் தோட்டத்துல அறுக்கிறதுன்னு வழக்கமான பேச்சு. இலை எங்க தோட்டத்துல எடுத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்.

கூட்டம் கலையப் போற நேரத்துல ஒருத்தன் எழுந்து நின்னான். "எனக்கு அடுப்புல விறகு தள்ளுற சோலி குடுங்க, அது போதும்"னான். கொஞ்ச நேரம் யாரும் பேசல.

அவன் என் சித்தப்பா மவன். பேர் வேண்டாம். ஊர்க்காரங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தேவையில்ல. 2014 அசனத்துக்கு அவன்தான் பொருளாளர். வீடு வீடாப் பிரிச்ச வரி, சென்னையிலயும் மும்பையிலயும் கடை வச்சிருக்கிற நம்ம பிள்ளைங்க அனுப்பின பணம் எல்லாம் அவன் கையிலதான் இருந்துச்சு. அசனத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஆளைக் காணோம். 1,80,000 ரூபாய். சீட்டாட்டத்துல விட்டிருக்கான்னு பின்னாலதான் தெரிஞ்சது.

பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, அசனத்தை நிறுத்த முடியுமா? ஊர்ல ஆளுக்குக் கொஞ்சம் போட்டாங்க. எங்க குடும்பத்து ஆள் செஞ்ச காரியம்ங்கிறதால நான் 60,000 கொண்டுபோய் வச்சேன். என் பொண்டாட்டி செயினை அடகு வச்ச பணம் அது. திருப்ப ரெண்டு வாழை வெள்ளாமை ஆச்சு. அந்த வருஷம் சபைக் கூட்டத்துல, இனி இவன் இந்தக் கோயில் படி ஏறக்கூடாதுன்னு சத்தம் போட்டவன் நான்தான். மினிட் நோட்டுல அது இல்ல. ஆனா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

பத்து வருஷம் கழிச்சு 2024ல திரும்பி வந்தான். சுகர் வந்து இடது கால்ல ரெண்டு விரலை எடுத்திருக்காங்க. 40,000 ரூபாயை ஐயர் கையில குடுத்துட்டு, மீதிக்கு வழியில்ல, மாசம் கொஞ்சம் கொஞ்சமாத் தாறேன்னான். 2023 டிசம்பர்ல வெள்ளம் வந்தப்ப நாலு பேரைத் தூக்கிக் காப்பாத்தினான், அதனால ஊர் மன்னிச்சுதுன்னு எழுதினா படிக்க நல்லா இருக்கும். அப்ப அவன் ஊர்லயே இல்ல. மன்னிக்கிறதுக்கு ஏத்த மாதிரி ஒரு நல்ல காரியமும் அவன் செய்யல. வந்தான், கதவுப் பக்கம் கடைசி பெஞ்சுல உக்காந்தான், அவ்வளவுதான்.

கூட்டத்துல ஒரு பெரியவர் சொன்னாரு, "கர்த்தர் மன்னிச்சிருப்பாரு. ஆனா சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குல்லா." அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. இத்தனை வருஷமா நானும் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா அன்னைக்கு அடுத்தவர் வாயில இருந்து கேட்கும்போது வேற மாதிரி இருந்துச்சு. மன்னிக்கிற வேலையை ஆண்டவர் பக்கம் தள்ளி விட்டுட்டு, நாம கணக்கு நோட்டை மட்டும் கையில வச்சிருக்கோம். அடுத்த வாரம் பேசிக்கிடுவோம்னு கலைஞ்சிட்டோம். நான் ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேன். அதுதான் இப்ப எழுதுறேன்.

கிருபை இலவசம்னு பிரசங்கத்துல கேட்கிறோம். வாங்கிறவனுக்கு இலவசம்தான். ஆனா யாரோ ஒருத்தர் மம்பட்டி பிடிச்சாகணும். லூக்கா 13ல அந்த அத்திமரக் கதையை எடுத்துப் பாருங்க. திராட்சைத் தோட்டத்துக்காரர் மூணு வருஷமா வந்து கனி தேடுறாரு, ஒண்ணும் இல்ல. வெட்டிப் போடு, நிலத்தை ஏன் வீணா அடைச்சிட்டு நிக்கணும்ங்கிறாரு. விவசாயி கணக்குக்கு அவர் சொல்றது சரிதான். அந்த இடத்துல நாலு கொடி படர விட்டிருக்கலாம். தோட்டக்காரன் என்ன சொல்றான்? மரம் நல்ல மரம், நீங்க தப்பா நினைக்கீங்கன்னு அவன் வாதாடல. இன்னும் ஒரு வருஷம் குடுங்க, நான் சுத்திக் கொத்தி எரு போடுறேன்ங்கிறான். மரம் எந்த வாக்கும் குடுக்கல. வாக்குக் குடுத்தது முழுக்க தோட்டக்காரன்.

எங்க அப்பா காலத்துல காய்க்காத மரத்தை அருவாளால ரெண்டு கொத்து கொத்தி, இந்த வருஷம் காய்க்கலைன்னா வெட்டிருவேன்னு மிரட்டுவாங்க. நானும் ஒரு தென்னையில செஞ்சு பாத்திருக்கேன். சபையில நாம செய்றதும் பெரும்பாலும் அதுதான். மிரட்டிட்டு ஒதுங்கி நின்னு, காய்க்குதான்னு வேடிக்கை பார்க்கிறோம். உபதேசியார் வந்து நாலு வசனம் சொல்லிட்டுப் போவாரு. அவன் ராத்திரி சாப்பிட்டானான்னு யாரும் கேட்கிறதில்ல.

தென்னை வச்சவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். ஆறடி தூரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, மரத்துக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழுவுரம் போடணும். இன்னைக்குப் போட்டா அடுத்த மாசமே குலை தள்ளாது. பாளை உள்ளுக்குள்ள உருவாகி வெளிய வரவே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும், அது தேங்காயா முத்த இன்னும் ஒரு வருஷம். பொறுமை இல்லாதவன் தென்னைக்கு உரம் வைக்கக் கூடாது.

ஐயர் குடுத்த ஒரு புஸ்தகத்துல ஜான் நியூட்டனைப் பத்திப் படிச்சேன். 'அமேசிங் கிரேஸ்' பாட்டு எழுதினவரு. 1748ல கடல்ல புயல்ல மாட்டி ஆண்டவரைக் கூப்பிட்டாரு, அன்னைக்கே மனுஷன் மாறிட்டாருன்னுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். அப்படி இல்ல. அதுக்கப்புறமும் அடிமைகளை ஏத்திட்டுப் போற கப்பல்ல கேப்டனா இருந்திருக்காரு. 1754ல உடம்புக்கு முடியாமத்தான் கப்பலை விட்டாரு. அடிமை வியாபாரம் அக்கிரமம்னு ஊரறிய எழுதினது 1788ல. புயல் அடிச்சு நாப்பது வருஷம்! நம்ம சபைக் கமிட்டியில அவர் கேஸ் வந்திருந்தா மூணாவது வருஷமே பேரை வெட்டியிருப்போம்.

இப்ப என் சொந்தக் கணக்குக்கு வாறேன். மத்தேயு 18ல பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய ஆளோட கழுத்தைப் பிடிக்கிறான். அந்த நூறு வெள்ளிப்பணம் அற்பக் காசுன்னு பிரசங்கத்துல சொல்லுவாங்க. எனக்கு அது எப்பவும் இடிக்கும். மத்தேயு 20ல ஒரு வெள்ளிப்பணம்தான் ஒரு நாள் கூலி. அப்ப நூறு பணம் நூறு நாள் கூலி. எங்க ஊர்ல இன்னைக்கு ஆம்பள ஆள் கூலி 700 ரூபாய்னு வச்சா 70,000. அது சின்னக் காசா? கிட்டத்தட்ட எங்க வீட்டுச் செயின். மன்னிக்கச் சொல்றவங்க, இழந்தவன் இழப்பைக் குறைச்சுச் சொல்லக் கூடாது. ஆண்டவரும் குறைச்சுச் சொல்லல. அந்தக் கதையில நூறு பணமும் நிஜமான கடன்தான். தாலந்துக் கடன் அதைவிடப் பெருசு, அவ்வளவுதான்.

என் தாலந்துக் கடன் என்னன்னு கேட்டா, 2023 வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை பெஞ்ச அந்த நேரம் எங்க தோட்டத்துல குலை தள்ளின வாழை எல்லாம் சாஞ்சு போச்சு. உரக்கடையில கடன் நின்னுச்சு. கடைக்காரர் நோட்டைத் திறக்கவே இல்ல. அடுத்த தார் வெட்டும்போது பாத்துக்கிடலாம், இப்ப கன்னுக்கு உரம் வேணும்லான்னு ரெண்டு மூட்டையை வண்டியில ஏத்தி விட்டாரு. அவர் நம்ம வேதத்துக்காரர் கூட இல்ல. வெட்ட வேண்டிய மரத்துக்கு எரு போட்ட ஆள் எனக்கு அவருதான். அந்த உரத்தை வச்சுக்கிட்டு நான் வந்து கோயில்ல இவனை முறைச்சுட்டு உக்காந்திருந்தேன்.

இதை எல்லாம் வீட்ல படிச்சுக் காட்டினேன். என் பொண்டாட்டி கேட்டா, "மன்னிச்சுட்டேன்னு நீங்க எழுதுறீங்க. அடகுக்குப் போனது என் செயின்லா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" நியாயமான கேள்வி. அவ மூணு வருஷம் வெறுங்கழுத்தோட கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கா. அவ சார்பா மன்னிக்க நான் யாரு? அதே மாதிரிதான், இவன் பொண்டாட்டி இப்ப அவ அண்ணன் வீட்டுல இருக்கா. அவ வந்து சேர்ந்து வாழணும்னு சபையில ரெண்டு பேர் ஆரம்பிச்சிருக்காங்க. அது தப்பு. கிருபையைச் சொல்லி அடுத்தவளைக் கட்டாயப்படுத்துற உரிமை யாருக்கும் கிடையாது. மம்பட்டியைத் தன் கையில எடுக்கணும், அடுத்தவன் கையில திணிக்கக் கூடாது.

பணப்பெட்டியை மறுபடி அவன்கிட்ட குடுக்கலாமான்னு கேட்டா, வேண்டாம். தண்டனைக்குச் சொல்லல. குடியை விட்டவன் முன்னால பாட்டிலை வைக்க மாட்டோம்லா, அதுபோல. ஆனா எங்க உபதேசியார் மடக்குனாரு. பேதுரு மூணு தரம் மறுதலிச்சும் ஆண்டவர் திரும்ப ஆடுகளை அவன் கையிலதானே குடுத்தாரு, யூதாஸ் திருடுறான்னு தெரிஞ்சும் பை அவன்கிட்டதானே இருந்துச்சுன்னாரு. யூதாஸ் விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா யோவான் 21ஐ மறுபடி எடுத்து வாசிச்சப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. பேதுரு மறுதலிச்சது கரிநெருப்புப் பக்கத்துல குளிர் காய்ஞ்சிட்டு நிக்கும்போது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில அவனுக்கு மீன் சுட்டு வச்சிருந்ததும் கரிநெருப்புலதான். முதல்ல சாப்பிடக் கூப்பிட்டாரு. கேள்வியெல்லாம் அதுக்கப்புறம்தான். இவனும் பெட்டியைக் கேட்கல. அடுப்புப் பக்கத்துல நிக்க ஒரு இடம் கேட்கிறான்.

கெட்ட குமாரன் கதையில மூத்தவன் வயல்ல இருந்து வாறவன்ங்கிறதை எத்தனை பேர் கவனிச்சிருக்கீங்க? அந்தக் கதையில விவசாயி அவன்தான். நாள் பூரா வேலை செஞ்சுட்டு வந்து, உள்ள ஆட்டம் பாட்டு கேட்டு, வெளியவே நின்னுட்டான். அப்பா வெளிய வந்து கூப்பிடுறாரு. அவன் உள்ள போனானா இல்லையான்னு லூக்கா எழுதல. நான் பத்து வருஷமா அந்த வாசல்ல நிக்கிறேன். கால் வலிக்குது.

வர்ற ஞாயிறு கூட்டத்துல எழுந்து பேசப் போறேன். நான் சொன்ன வார்த்தையை நானே திரும்ப வாங்கிக்கிடுறேன், இவனுக்கு அடுப்பு வேலை குடுங்க, கணக்கு நோட்டுல இனிமே யார் பொருளாளரா இருந்தாலும் ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னு வைங்கன்னு சொல்லணும். எதிர்ப்பு வரும். நான் அன்னைக்குச் சத்தம் போட்டதையே எடுத்து என் முகத்துக்கு நேரே சொல்லுவாங்க. சொல்லட்டும்.

நேத்து ராத்திரி சாப்பாடு வைக்கும்போது வீட்ல அவளே கேட்டா, "அவனுக்கு சுகர்னு சொன்னாங்களே, வெயில்ல அடுப்புப் பக்கம் எவ்வளவு நேரம் நிப்பான்?" நான் ஒண்ணும் சொல்லல. மன்னிச்சுட்டாளான்னு கேட்கவும் இல்ல. விளையில ரெண்டு உடை மரம் வெட்டிப் போட்டது காய்ஞ்சு கிடக்கு. அசன விறகு இந்த வருஷம் எங்க வீட்டுக் காணிக்கை. அதைத் துண்டு போட்டு வண்டியில ஏத்தணும். செவ்வாக்கிழமை வெள்ளன வாடேன்னு அவனுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். "மைனி இருப்பாங்களாண்ணே?"ன்னு கேட்டான். இருப்பா, கட்டஞ்சாயா போட்டுத் தருவா, சீனி போட மாட்டான்னு சொன்னேன்.