இசைவுக்கும் அட்டைக்கும் இடையே

அகத்திணை ஐந்தனுள் முல்லைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல் என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். வினைமேற் சென்ற தலைவன் கார்ப்பருவத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்கிறான். அச்சொல்லைப் பற்றுக்கோடாகக் கொண்டு தலைவி ஆற்றியிருக்கிறாள். அவளுடைய காத்திருப்பிற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை அழிந்துவிடுமானால் இருத்தல் இரங்கலின் சாயலைப் பெற்றுவிடுகிறது. பல்லாண்டுகளாக வகுப்பறையில் நடத்திவரும் இப்பாடத்திற்கு எங்கள் குடும்பத்திலேயே ஒரு விளக்கம் கிடைக்கும் என்று நான் எண்ணியதில்லை.

என் மூத்த சகோதரியின் மகன் பொறியியல் பயின்று அமெரிக்காவில் பணிபுரிகிறான். மக்கள் வழக்கில் கிரீன் கார்டு எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்காகப் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தான். ஒரு நாள் இரவு, இசைவு கிடைத்துவிட்டது என்று தொலைபேசியில் கூறினான். அட்டை அஞ்சலில் வரும், வந்ததும் ஊருக்கு வருவேன் என்றான். அட்டை வரவில்லை. வாரங்கள் கழிந்தன. அதற்குள் அவனுடைய வாப்பா, என் மச்சான், மௌத்தாகிவிட்டார்.

ஜனாஸாவிற்கு அவன் வந்து சேர்ந்திருக்க இயலாது. நம் மார்க்க வழக்கில் அடக்கத்தைத் தாமதிப்பதில்லை. ஆயினும் இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் என் சகோதரி வாசலில் கார் நிற்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் செவி சாய்த்தாள். அட்டையின்றி வெளியேறினால் மீண்டும் நுழைய முடியாது என்று நண்பர்கள் சொல்ல, அவன் அஞ்சி அங்கேயே இருந்துவிட்டான். இசைவு கிடைத்த அன்றே அவனுடைய பழைய பணிவிசாவும் பயனற்றுப் போயிருந்தது. எனவே அவனுடைய அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. அட்டை வந்து, அவன் ஊர் வந்து சேர்ந்தபோது இத்தா முடிந்திருந்தது.

அதன் பின்னரே ஓர் உண்மை தெரியவந்தது. நிரந்தரக் குடியிருப்பாளர் என்னும் தகுதி, இசைவு வழங்கப்பெற்ற நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அட்டை அத்தகுதிக்குச் சான்று மட்டுமே. அட்டை கைக்கு வருமுன் இன்றியமையாத பயணம் நேருமாயின், கடவுச்சீட்டில் தற்காலிக முத்திரை இட்டுத்தருமாறு விண்ணப்பிக்க வழி உண்டு. குடியேற்ற விசா பெற்று இங்கிருந்து செல்வோர்க்கு, அங்கு இறங்கும்போது அவ்விசாவின்மேல் இடப்பெறும் முத்திரையே ஓராண்டுக்காலம் அட்டைக்கு ஈடாக நிற்கும். இவற்றை அவன் அறிந்திருக்கவில்லை. கணிப்பொறியின் நுட்பமெல்லாம் கற்றவன், தன் வாழ்வைத் தாங்கி நிற்கும் சட்டத்தின் ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை. அவனை மட்டும் குறை கூறி என்ன பயன்? அவனை அனுப்பிவைத்த நாமும் அதனைப் படிக்கவில்லையே!

இவ்வட்டையின் வரலாறே காத்திருப்பின் வரலாறு எனலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமெரிக்காவில் வாழ்ந்த அயல்நாட்டார் அனைவரும் அஞ்சல் நிலையங்களில் பெயர் பதிந்து கைரேகை இட வேண்டியதாயிற்று. போருக்குப் பின் நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்றோர்க்குப் பச்சை நிற அட்டை தனியே வழங்கப்பெற்றது. 1964இல் அதன் நிறம் மாறியது; பச்சை மீண்டும் வந்தது 2010இல்தான். இடைப்பட்ட காலமெல்லாம் பச்சையாக இல்லாத அட்டையையும் மக்கள் பச்சை அட்டை என்றே அழைத்துவந்தனர். பெயருக்குள்ள ஆற்றல் அத்தகையது. பதினெட்டு வயது நிறைந்தோர் இச்சான்றினை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். உடன் வைத்திருக்கக் கட்டளையிடும் அரசு, அதனை உரிய காலத்தில் கையில் சேர்ப்பதையும் தன் கடமையாகக் கொள்ளவேண்டாமா?

இசைவுக்குப் பின்னர் அட்டைக்காகக் காத்திருப்பது சில வாரம் அல்லது சில திங்கள். அதற்கு முந்திய காத்திருப்போ மிக நெடியது. பணிவழிக் குடியேற்றத்தில், நிறுவனம் அளித்த மனு ஏற்கப்பெற்ற பின்னரும் ‘முன்னுரிமை நாள்’ வரும்வரை வரிசையில் நிற்கவேண்டும். வெளியுறவுத்துறை திங்கள்தோறும் வெளியிடும் அறிக்கையில் அந்நாள் சில நேரம் முன்னேறும். சில நேரம் பின்னோக்கியும் நகரும்! 1990ஆம் ஆண்டுச் சட்டம் பணிவழிக் குடியேற்றத்திற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்களை வகுத்தது. பணியாளரின் மனைவி மக்களும் இக்கணக்கிலேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டினரும் பொதுவாக நூற்றுக்கு 7 பங்கிற்கு மேல் பெறலாகாது. ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும் அதே வரம்பு.

இவ்விதியைத் தீய நோக்கின் விளைவு என்று கூறிவிடுதல் நேர்மையாகாது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியருக்குக் கதவடைத்தது. 1946இல் இந்தியருக்குக் கதவு சிறிது திறந்தபோது கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். பிறந்த நாட்டைக் கொண்டு ஏற்றத்தாழ்வு காட்டிய அம்முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் அகற்றியது. எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு என்பது அந்த நல்லெண்ணத்தின் வழிவந்ததே. ஆயினும் அளவுகோல் ஒன்றாக இருப்பதனாலேயே நீதி வந்துவிடாது. ஒரே தகுதியுடைய இருவர் ஒரே அலுவலகத்தில் அருகருகே அமர்ந்து பணிபுரிய, ஒருவர் ஓரிரு ஆண்டுகளிலும் மற்றவர் பத்தாண்டுகள் கடந்தும் தகுதி பெறுகின்றனர். இருவர்க்கும் உள்ள வேறுபாடு பிறந்த மண் ஒன்றே. உடன்பிறந்தார் வழியாக விண்ணப்பிக்கும் இந்தியர் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்கின்றனர். பெற்றோர் காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயது நிரம்பிவிட்டால், அப்பிள்ளை வரிசையிலிருந்து விலக நேரலாம். 2002இல் வந்த ஒரு சட்டம் சிலருக்கு நிவாரணம் தந்தது, எல்லோருக்கும் அன்று.

அந்நாட்டின் சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளவை சில உண்டு.

மாணவர்களே! கடல் கடந்து செல்வது நம் முன்னோர்க்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். செல்லுங்கள், ஆனால் செல்லும் நாட்டின் குடியேற்ற விதிகளை நீங்களே படியுங்கள். செவிவழிச் செய்தியைச் சட்டமென நம்பாதீர்கள். எந்தத் தாள் எந்த உரிமையைத் தருகிறது, எது வெறும் சான்று என்பதைப் பிரித்தறியுங்கள். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். தாய் தந்தையர் முதுமையில் இருக்கும்போது, அவசரப் பயணத்திற்கு என்ன வழி என்பதை முன்கூட்டியே அறிந்துவையுங்கள்.

சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். திருமணப் பேச்சு எழும்போது, “மாப்பிள்ளைக்குக் கார்டு வந்துவிட்டதா?” என்பதே இன்று முதற்கேள்வியாகிவிட்டது. குணமும் கல்வியும் அதற்குப் பின்னரே வினவப்படுகின்றன. வரிசையில் நிற்கும் இளைஞன் எந்தத் தவறும் செய்தவனல்லன். அவனுடைய தகுதியை அட்டை அளந்துவிடாது. அவன் ஊர் வராததைக் கொண்டு, பெற்றோரை மறந்தான் என்று தீர்ப்புக் கூறுவதும் முறையன்று. என் மருமகன் வராத அந்நாட்களில் அவன் காதுபட அவ்வாறு சொன்னவர்களுள் நானும் ஒருவன் என்பதை இங்கு வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாடு இசைவு தந்தபின் சான்றைத் தரத் தாமதித்தல், வாக்களித்துவிட்டுக் கார்காலத்தைக் கடத்துவதற்கு ஒப்பாகும். காத்திருக்கச் சொல்லும் எவரும் எதுவரை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். முல்லைத் தலைவிக்குத் தலைவன் அளித்த அந்த ஒரு சொல்லைத்தான், வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளும் கேட்கின்றனர்.