பொன்னுக்கு ஏற்ற பணி

ஓவியத்தில் பொன் மிகுந்தால் அழகும் மிகும் என்பது பலருடைய எண்ணம். பொன்னின் அளவைவிட, அது அங்கே ஆற்றும் பணியே சிறந்தது என்பது என் கருத்து.

தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மராட்டிய மன்னர் காலத்தில் செழித்த இக்கலைக்குப் பலகைப் படம் என்றும் பெயருண்டு. பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சால் அணிகலன்களையும் மாலைகளையும் மேடாக எழுப்புவர். கண்ணாடிக் கற்களைப் பதிப்பர். மேட்டின்மேல் மெல்லிய பொன்தாளை ஒட்டுவர். பூசை அறையின் விளக்கொளி அம்மேடுகளில் பட்டு மின்னும்பொழுது, நடுவில் உள்ள கண்ணனின் திருமுகம் துலங்குகிறது.

ஜப்பானியரின் மடிப்புத் திரைகளிலோ பொன் பின்புலமாக நிற்கிறது. ஒகாட்டா கோரின் (1658–1716) வரைந்த ஐரிஸ் மலர்த் திரைகள் தோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை ஆறு மடிப்புகள் கொண்ட இரு திரைகள். பொன்தாள் பரப்பின்மீது நீல மலர்களும் பச்சை இலைகளும் மட்டுமே காணப்படுகின்றன. வானம் இல்லை, கரை இல்லை, நீரும் இல்லை. காண்போர் அப்பொன்னையே நீராகவும் ஒளியாகவும் கொள்கின்றனர். அத்துணைப் பொன் இருந்தும் கண் மலரையே நாடுகிறது.

பொன் இல்லாமல் இவ்வோவியங்கள் சிறக்குமா என்று நீங்கள் கேட்கலாம். சிறக்கமாட்டா. ஆயினும், வெறும் பொன்தாளைச் சட்டமிட்டு யாரும் வணங்குவதில்லை.

இவ்வுண்மை நம் ஊருக்கும் பொருந்தும். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்த உங்கள் முன்னோர், பாலகாட், சாம்பியன் முதலிய சுரங்கங்களில் இறங்கிப் பொன் எடுத்தனர். சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மிகுதி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கப் பணி நின்றது. பொன் தீர்ந்தது, ஊரும் தீர்ந்தது என்று கூறுவோர் உளர். விடியற்காலையில் பெங்களூரு ரயில் ஏறி, இரவில் வீடு திரும்பி, உங்களைப் படிக்கவைக்கும் பெற்றோர் வாழும் ஊர் எவ்வாறு தீரும்? பொன்னை மட்டும் கொண்டு இவ்வூரை அளப்பது, திரையின் பின்புலத்தைக் கண்டு மலரைக் காணாது செல்வதற்கு ஒப்பாகும்.

இனித் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைக் கண்டால், அதன் விலையைக் கேட்குமுன், அப்பொன் எதற்கு ஒளி தருகிறது என்று நோக்குங்கள். நம் ஊரின் பொன்னைப் பற்றிப் பேசுவோரிடமும் இதே வினாவை எழுப்புங்கள்.