முதல் 800-லேயே தம்மைத் தொலைக்காதீர்கள்

போன ஜனவரியில் சென்னை மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டு ஓடாமல் போனவர்களில் நானும் ஒருவன். கெண்டைக்கால் தசை பிடித்து ஆறு வாரம் நொண்டினேன். "வயசு ஆகலியா?" என்றாள் வீட்டுக்காரி. மருமகன் ஷூவைக் குறை சொன்னார். இரண்டும் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் நான் ஓடிய முதல் 800 மீட்டர்தான் காரணம்.

மாரத்தான் பயிற்சியில் வாரம் ஒரு நாள் இன்டர்வல் உண்டு. கொஞ்ச தூரம் வேகமாக ஓடி, பிறகு மெல்ல ஓடி மூச்சை மீட்டு, மறுபடியும் வேகம். 'ரன்னர்ஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் இருந்த பார்ட் யாசோ என்பவர் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். மாரத்தானை நாலு மணி முப்பது நிமிடத்தில் முடிக்க ஆசையா? அப்படியானால் 800 மீட்டரை நாலு நிமிடம் முப்பது விநாடியில் ஓடு, அப்படிப் பத்து முறை ஓடு, நடுவில் அதே நேரத்துக்கு மெதுவோட்டம். என் ஆசையும் அந்த நாலரை மணிதான்.

நோட்டைப் புரட்டினால் இப்போது சிரிப்பு வருகிறது. முதல் ஓட்டம் 3:55. ஐந்தாவது 4:40. எட்டாவது 5:20. மிச்சம் இரண்டை ஓடவே இல்லை. எட்டுக்கும் சராசரி போட்டால் 4:33! முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், சராசரியை வைத்து என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் முதல் மூன்று ஓட்டம் என் சக்திக்கு மீறியது, கடைசி மூன்று வெறும் வதை. கால் போனது அந்தக் கடைசி மூன்றில்தான்.

என் கட்சி இதுதான்: முதல் ஓட்டம், 'இது என்ன, ஏமாற்று வேலை மாதிரி இருக்கே' என்று தோன்றுகிற வேகத்தில் இருக்க வேண்டும். பத்தாவதை எந்த வேகத்தில் முடிக்க முடியுமோ, அந்த வேகத்தில்தான் முதலாவதைத் தொடங்க வேண்டும்.

ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் இருந்தார். 1939-ல் 800 மீட்டரை 1:46.6-ல் ஓடி உலக சாதனை செய்த ஹார்பிக், அவருடைய மாணவர். இதயத் துடிப்பு 180 வரை போகலாம், ஆனால் ஒன்றரை நிமிடத்துக்குள் 120-க்கு இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அன்றைய பயிற்சி மிதமிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இது அவருடைய விதி. அந்த 180 இளைஞர்களுக்கான எண், என் வயசில் அதை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஆனால் ஓய்வில் துடிப்பு இறங்குகிறதா என்று பார்ப்பது எந்த வயசுக்கும் பொருந்தும். நான் இப்போது வேகத்தைவிட அதைத்தான் கவனிக்கிறேன்.

இன்னொன்று, கைக்கடிகாரத்துக்கு நம் ஊர்க் காற்று தெரியாது. பெரியதாழையிலிருந்து மணப்பாடு பார்க்கக் கடற்கரைச் சாலையில் ஓடிப் பாருங்கள். ஆடியில் கச்சான் முதுகைத் தள்ளும், 4:20 சும்மா வரும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும், 4:50 ஆகும். இரண்டும் ஒரே உழைப்புதான். எதிர்க்காற்றிலும் 4:20 ஓடுவேன் என்று மல்லுக்கு நின்றால் மூன்றாவதோடு கதை முடிந்தது. போதாததற்கு, விடிகாலை ஐந்து மணிக்கே வேர்வை காயாத புழுக்கம். இந்தக் கரையில் மூச்சுதான் கடிகாரம்.

இது நம்மவர்களுக்குப் புதுசும் இல்லை. முத்துக்குளிப்பில் இரண்டு குளியாளிகளுக்கு ஒரு கல். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே இளைப்பாறுவார், பிறகு முறை மாறும். நேரம் முடியும்வரை இப்படியே. தூத்துக்குடியில் 1961-ல் நின்றுபோன தொழில் அது. முதல் முங்கிலேயே தம்மைத் தொலைத்தவருக்கு அன்றைக்குக் கூலி ஏது?

எங்கள் தெருத் தம்பி ஒருவன் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறான். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதாவது 400-க்கு 1:52 போதும். இவன் முதல் 400-ஐ 1:20-ல் ஓடிவிட்டு, ஆயிரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

"முதல்லயே இழுத்துட்டா மிச்சம் தானா வரும்லா சார்?" என்றான்.

"எனக்கு வரலியேடே" என்று நோட்டைக் காட்டினேன்.

நேற்று குருசடிப் பக்கம் அவனை என்னோடு சேர்த்து ஓடவிட்டேன். முதல் 800-ல் என் வேகத்துக்குக் கட்டுப்பட்டு வருவதற்குள் அவனுக்குப் பொறுமையே போய்விட்டது. எனக்கு முதலாவது 4:46, பத்தாவது 4:41. நாலரை மணி ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். அவனுக்கு உடல் தகுதித் தேர்வு அடுத்த மாதம்.