பருமனன்று பெருமை

பெருங்கூட்டம் எழுப்புவதே பேரிசை என்றொரு மயக்கம் மேலைநாட்டு இசையரங்குகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. மோட்சார்ட்டின் கடைசி மூன்று சிம்பொனிகளும் அதற்கு இரையாயின. சிறு குழு வாசித்தால் அவற்றின் மாண்பு குன்றிவிடும் என்பார் இன்றும் உளர். அக்கூற்றை நாம் மறுக்கிறோம்.

1788 ஜூன் 26, ஜூலை 25, ஆகஸ்ட் 10. இம்மூன்றும் அவை நிறைவுற்றதாக மோட்சார்ட்டே தம் பதிவேட்டில் குறித்த நாட்கள். அவ்வாண்டு ஆஸ்திரியா உதுமானியருடன் போரிட்டுக் கொண்டிருந்தது. வியன்னாவில் அவரோ நண்பர் புக்பெர்க்கிடம் கடன் வேண்டிக் கடிதங்கள் எழுதினார். ஜூன் 29இல் அவருடைய ஆறு மாதப் பெண்குழந்தை மறைந்தது. இத்துயரங்களைக் கண்ட பிற்காலத்தார், இச்சிம்பொனிகளை மரண சாசனமாகவே எண்ணி, அவற்றின்மேல் கனத்தை ஏற்றினர். ஆனால் அன்று அவருக்கு வயது 32. அவர் மறைந்ததோ 1791 டிசம்பரில். இவையே இறுதிச் சிம்பொனிகள் என்பதை நாம் அறிவோம், அவர் அறிந்தாரில்லை.

இனி அவர் எழுதிய ஏட்டையே சான்றுக்கு அழைப்போம். மூன்று சிம்பொனிகளிலும் புல்லாங்குழல் ஒன்றே ஒன்று. ஏனைய துளைக்கருவிகள் இரண்டிரண்டே. அந்த ஒற்றைக் குழலின்மீது அறுபது நரம்புக்கருவிகளை ஏவினால் எஞ்சுவது யாது? 40ஆம் சிம்பொனிக்குக் கிளாரினெட்டுகளைச் சேர்த்து மறுவடிவமும் தந்தாரே, காதில் விழாத குரலுக்காகவா அவ்வுழைப்பு?

மோட்சார்ட்டே பெருங்குழுவை விரும்பினாரே என்று சிலர் வினவலாம். உண்மைதான், மறைக்க மாட்டோம். 40 வயலின்கள் கொண்ட குழுவைக் கேட்டு மகிழ்ந்ததாக 1781இல் தந்தைக்கு எழுதினார். துளைக்கருவிகளும் அன்று இரட்டிப்பாக்கப்பட்டிருந்தன என்பதை அதே கடிதம் கூறுகிறது. அவ்வரியை மட்டும் விட்டுவிட்டு வாதிடுவது முறையாகுமா? அவரை மகிழ்வித்தது சமன் குலையாத பெருக்கம்.

2007இல் ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா, எண்பதைக் கடந்த சார்லஸ் மெக்கரஸின் தலைமையில் இச்சிம்பொனிகளைக் கிளாஸ்கோவில் ஒலிப்பதிவு செய்தது. அதைக் கேட்டோர்க்கு நமது வாதம் தேவைப்படாது. குழல் பேசுகிறது, பஸூன் மறுமொழி கூறுகிறது. 39ஆம் சிம்பொனியின் தொடக்கத்தில் டிம்பனி கல்லென அதிர்கிறது. அத்தோற்கருவி வேற்றாருடையதன்று, அரபுலகின் நக்காராவின் வழிவந்தது, நம் தர்கா வாயில்களில் முழங்கும் நகராவுக்கு உறவு. 41ஆம் சிம்பொனியின் முடிவில் ஐந்து இசைக்கருத்துகள் ஒருங்கே பின்னுகின்றன. பெருங்கூட்டத்தில் அது இடிமுழக்கமாகும். இங்கே ஐவரையும் தனித்தனியே அடையாளம் காண்கிறோம்.

பலர் கூடும் அவையில் மெலிந்த குரலுக்கும் செவி கிடைப்பதே நீதி. இசையவைக்கும் அதுவே பொருந்தும். ஒலியைப் பெருக்குவோர் பெருக்கிக் கொள்ளட்டும். நாம் கேட்க விழைவது மோட்சார்ட் எழுதியதை.